சரிவராதார் தெரிவு செய்த கமரா

கண்டி நகரத்தில் ஒரு மனிதன் ஆசைப்பட்ட சாமானை வாங்காமல் வெறுங்கையோடு வீடு திரும்பினால், அதற்கு மழை காரணமாக இருக்கலாம், ஊரடங்கு காரணமாக இருக்கலாம், கடைக்காரர் சொன்ன விலை காரணமாக இருக்கலாம். ஆனால் நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் காரணம் சரிவராதார்தான். இதை நான் நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கூட்டிச் சொல்லவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர். கட்டுக்கலையில் ஒரு ஒழுங்கைக்குள், யாரோ வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்து, ரேடியோ, டீவி, டெக் எல்லாம் திருத்துவார். டெக் என்றால் வீடியோ கசெட் போட்டுப் பார்க்கிற பெட்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால் விளங்காது. அவரிடம் போய் எதைப் பற்றிக் கேட்டாலும் முதல் பதில் "சரிவராது." இரண்டாவது பதிலும் அதுதான். அவருடைய ஊர்க்காரர் ஒருவர் மரியாதை குறையக் கூடாது என்று "சரிவராதார்" என்று கூப்பிடப் போக, அதுவே நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மின்சாரத்தில் ஓடுகிற எதை வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவது அப்போது எங்களுக்குள் ஒரு பழக்கம். ஏன் அப்படிச் செய்தோம் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் வருவார். சாமானைத் தூக்கிக் காதுக்கு அருகே வைத்துக் குலுக்குவார். பிறகு அதன் ஓட்டைகளில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். பிறகு அந்தச் சொல்லைச் சொல்லுவார். ஒரு பெரிய மனிதர் மகளின் சீதனத்துக்கு மிக்ஸி வாங்க அவரை அழைத்துப் போனார். மிக்ஸியும் சரிவராது, அதைக் கேட்கிற மாப்பிள்ளையும் சரிவராது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மிக்ஸி வாங்கவில்லை. கல்யாணமும் நடக்கவில்லை. அந்தப் பெண் இன்றைக்கும் அவரை வாழ்த்திக்கொண்டிருக்கிறாள் என்பது வேறு கதை.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் அக்கா.

நாங்கள் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அக்கா கல்யாணம் முடித்து, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போய்விட்டது. அப்பா போகவில்லை. "நம்ம கோயிலு மாரியம்மாவ விட்டுட்டு எங்கடா போறது?" என்று தம்பியோடு தோட்டத்திலேயே இருந்துகொண்டார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்து, கண்டி டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிலிமத்தலாவையில் குடியிருந்தேன். சண்டை தொடங்கியதும் கப்பல் நின்றது. ஆகாயத்தில் போவதற்கு எங்களிடம் என்ன இருந்தது? அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே வருடங்கள் போயின.

அப்போது அப்பா மழைக்காலத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். கொஞ்ச நாள் படுக்கை. பிறகு முருகன் புண்ணியத்தில் எழுந்து நடமாடினார். ஆனால் இந்தியாவுக்குப் போன யாரோ ஒருவர் அக்காவிடம் "அப்பாவுக்கு இனி நடை இல்லையாம்" என்று சொல்லிவிட்டார். நல்லா இருக்கிறார் என்று நாங்கள் எழுதினோம். அக்கா நம்பவில்லை. கதிரையில் உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பினோம். அதற்கு வந்த பதில், "செத்தவங்களையும்தான் கதிரையில உக்காரவச்சுப் படம் புடிப்பாங்க. எங்க அப்பா நடக்குறத நான் என் கண்ணால பாக்கணும்." அதோடு அங்கே அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் கேள்விப்பட்டோம்.

டவுனில் வீடியோ எடுக்கிறவர்களைக் கேட்டேன். மடுல்கெல்லை என்றதும், "இந்தக் காலத்துல அவ்வளவு தூரம் வர ஏலாது" என்று கையை விரித்தார்கள். சரி, நானே ஒரு கமரா வாங்குவோம், அப்பாவை எடுப்போம், பிறகு கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று எடுத்தால் வீட்டுச் செலவுக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். மனைவி லெட்சுமி தன் வளையலைக் கழற்றித் தந்தாள். தரும்போது ஒரு வார்த்தை சொன்னாள். "சும்மா போயி ஏமாந்துட்டு வராதீங்க. அந்தச் சரிவராதாரக் கூட்டிக்கிட்டுப் போங்க."

கட்டின மனைவியே இப்படிக் குழி தோண்டினால் யாரிடம் சொல்லி அழுவது?

டவுனில் கண்ணாடி போட்ட ஒரு கடைக்குப் போனோம். முதலாளி தமிழ் தெரிந்தவர். உள்ளங்கை அளவில் ஒரு கமராவை எடுத்து வைத்தார். என்ன அழகு! நான் மனதுக்குள் அதற்குப் பொட்டே வைத்துவிட்டேன். சரிவராதார் அதைக் குலுக்கினார், மோந்தார், பொத்தானை அமர்த்தி முதலாளியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"விலையை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

முதலாளி சொன்னார்.

"பற்றறி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரெண்டு மணித்தியாலம் தாராளமா நிக்கும் ஐயா. எழுதித் தாறேன்."

சரிவராதார் வயரை எடுத்துக் கடை டீவியில் சொருகி, இப்போது எடுத்ததை ஓட விட்டார். கடையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. "பாருங்கோ முதலாளி. விலை சொல்லேக்கை கண் நேராப் பாக்குது. பற்றறி எண்டவுடனை கண் முகட்டுக்குப் போகுது. கமரா நல்ல கமரா. உள்ளதைக் காட்டுது. நீங்கள்தான் சரிவராது."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அந்தக் கடைப் பக்கமாக நான் நடந்ததே இல்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னண்ணே, பெட்டரி கொஞ்சம் குறைஞ்சா என்ன? கைக்கு அடக்கமான சாமான்!"

"அதுதான் தம்பி சரிவராது. கைக்கு அடக்கமான சாமானைப் பைக்குள்ளைதான் வைப்பீர். செக்பொயின்ரிலை பையைத் திறந்தால் அவன் என்னெண்டு நினைப்பான்? வயர் இருக்கு, பற்றறி இருக்கு, உம்மட பேர் தமிழ்ப் பேர். பெரிசு வேணும். தோளிலை தூக்கினால் கலியாண வீட்டுக்காரன் எண்டு நாலு கட்டைக்கு அங்காலையே தெரியவேணும்."

ஊரெல்லாம் சின்னது நல்லது என்று ஓடுகிற காலத்தில், பெரியது வேண்டும் என்று கமரா தேடிய ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். கடைசியில் கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் நானாவின் வீட்டில் அப்படி ஒன்று கிடைத்தது. நானா அலுமாரியைத் திறந்து, துணி சுற்றி வைத்திருந்ததை இரண்டு கையாலும் இறக்கினார்.

"எங்கட மகன் சவூதியில ஈந்து கொண்டு வந்த. கலியாணம் ஒண்டுக்கு மட்டும்தான் எடுத்த. பெட்டரி மட்டும் கொஞ்சம் வீக்கா ஈக்குது. பொய் செல்ல ஏலாதானே."

சரிவராதார் நானாவைப் படம் பிடிக்கவில்லை. மோந்து பார்த்தார், பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்றால் வாங்கலாம் என்று அர்த்தம். நான் அதைத் தோளில் வைத்துப் பார்த்தேன். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன் மாதிரி இருந்தது. லெட்சுமியின் வளையல் இப்படி ஓர் ஆட்டுக்குட்டியாக வந்து உட்கார்ந்துவிட்டதே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

கமரா வாங்கினால் போதாது. எடுத்ததை வெட்டி ஒழுங்காக்க வேண்டும். அதற்கு இரண்டு டெக் வேண்டும். ஒன்றில் ஓட விட்டு மற்றதில் வேண்டிய இடத்தை மட்டும் பதிவது. என் வீட்டில் ஒரு டெக் இருந்தது. இன்னொன்று மலிவாக ஒரு வீட்டில் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். பாதி விலை. கூட வந்த சரிவராதார் மூக்கை அதன் முதுகில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. பிறகு என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். எனக்குத் தூசி மணம்தான் வந்தது.

"எரிஞ்ச வீட்டுச் சாமான்," என்றார் மெதுவாக.

"அண்ணே, கலவரம் நடந்து எவ்வளவு வருசமாச்சு?"

"மணம் போகேல்லை தம்பி."

தமிழர் கடைகளை எரித்த அந்தக் கலவரத்தில் அவருடைய கடையும்தான் போனது. திருத்தக் கொடுத்தவர்களின் டீவி, டெக் எல்லாவற்றையும் தெருவில் போட்டு எரித்தார்களாம். எரியாததைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அதை அவர் எனக்குச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தப் பெட்டியில் எங்கள் அப்பாவின் முகத்தை ஓட விட எனக்கும் மனம் வரவில்லை. இருந்தாலும் கோபம் வந்தது. நான் பாட்டுக்கு ஒன்றும் தெரியாமல் வாங்கியிருப்பேன். மோந்து பார்க்க வைத்துவிட்டாரே!

மூன்று வாரம் அலைந்தோம். எந்த டெக்கும் சரிவரவில்லை. கடைசியில் ஒருநாள் அவர் தன் கட்டிலுக்குக் கீழே குனிந்து, சேலைத் துண்டால் மூடிய ஒரு டெக்கை இழுத்து எடுத்தார். நல்ல டெக்.

"இது யாருது?"

"என்ரைதான்."

"அப்ப இவ்வளவு நாளா ஏன் என்னை நாயா அலைய விட்டீங்க?"

"நீர் விலைக்கு டெக் கேட்டீர். இது விக்கிறதுக்கு இல்லை. சும்மா வைச்சுப் பாவியும்."

இந்த மாதிரிப் பதிலைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் நன்றி சொல்வதா, சண்டை பிடிப்பதா?

மடுல்கெல்லையில் மாரியம்மன் திருவிழா வந்தது. அப்பா கோயிலுக்கு நடந்து போவதை எடுப்பதென்று முடிவு. நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். சரிவராதார் காலையிலேயே குடையோடு பஸ் நிலையத்தில் நிற்கிறார். "உம்மட கை நடுங்கும். நான் வாறன்." அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கே பஸ்ஸை நிறுத்திவைத்து விசாரிக்கிற காலம். சொன்னேன். கேட்டால்தானே?

வத்தேகமை தாண்டியதும் ஒரு செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கினார்கள். நான் கந்தசஷ்டியைக் கடகடவென்று முணுமுணுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். இவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போகிறார். ஓர் இளம் சிப்பாய் கமராவைக் கண்டான். கல்யாண வீட்டுக்கா என்று சிங்களத்தில் கேட்டான். இவர் கமராவை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். கண்ணை அதன் பார்க்கிற குழலில் வைத்தார். சிப்பாய் என்ன செய்தான் தெரியுமா? துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினான்!

அத்தோடு விட்டால் அவர் சரிவராதாரா? தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அந்த இடத்தில் வெளிச்சம் சரிவராது, இந்தப் பக்கம் தள்ளி நில் என்று கையைக் காட்டினார். ஆயுதம் வைத்திருக்கிறவனை இடம் மாறி நிற்கச் சொல்கிறார்! எனக்குக் கந்தசஷ்டியில் எந்த அடியில் நின்றேன் என்பதே மறந்துவிட்டது. அவனோ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தள்ளி நின்றான். அடையாள அட்டையைக் கேட்க யாருக்கும் ஞாபகமே வரவில்லை. பஸ் ஏறியதும் பக்கத்து ஆசனத்து அம்மா அவரிடம், "உங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்ன இருக்கு, கல்லா?" என்று கேட்டார். "வெயில் கண்ணிலை அடிச்சதம்மா. முகம் இருட்டா விழுந்திருக்கும்," என்றார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா லயத்து வரிசை வீட்டு வாசலில் வெள்ளை வேட்டியோடு தயாராக இருந்தார். கால் நன்றாகத்தான் இருந்தது. எங்களைக் கண்டதும் விறுவிறு என்று வந்தார். சரிவராதார் கமராவைத் தூக்கினார். முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் பற்றியது.

அப்பா நின்றார். நின்றார் என்றால் சும்மா நிற்கவில்லை. இரண்டு கையும் தொடையில் ஒட்ட, நாடி நிமிர, கண் இமைக்காமல் நின்றார். கோயில் கொடிமரம்கூட அன்றைக்கு எங்கள் அப்பாவைவிடக் கொஞ்சம் அசைந்திருக்கும்.

"அப்பா, நடங்க!"

உதடு அசையாமல் பேசினார். "படம் புடிக்கையில ஆடலாமாடா?"

"இது வீடியோப்பா! ஆடணும்! நடக்கணும்!"

"ஆடுனா படம் கெட்டுப்போகும். கெட்டுப்போனா மனுவத் திருப்பி அனுப்பிருவாங்க."

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோருக்குத்தான். பிரஜாவுரிமைக்குப் படம், அடையாள அட்டைக்குப் படம், கப்பலுக்குப் படம். நேராக நில், காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்காதே. அப்படி நின்று நின்றே வயசாகிவிட்டது. "அப்பா, இது மனு இல்ல, அக்காவுக்கு!" என்று கத்தினேன். "அக்காவுக்குன்னாலும் காது ரெண்டும் தெரியணும்ல?" என்றார்.

அதற்குள் லயமே கூடிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் உயரப்படி வரிசையாக நின்று மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சிவப்பு வெளிச்சம் அணைந்தால் எல்லோரும் மூச்சு விட்டுச் சிரிக்கிறார்கள், ஓடுகிறார்கள். பற்றினால் மறுபடி கல். இப்படியே கசெட் ஓடுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா இதைப் பார்த்தால் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் யாரோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே நினைக்கும்?

அந்த நேரம் பார்த்துச் சரிவராதார் கமராவை இறக்கி, திரும்பி நின்று ஏதோ செய்துவிட்டு, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு அறிவித்தார். "பற்றறி செத்துப்போச்சு. இனிச் சரிவராது."

நான் வெடித்தேன். லயத்துச் சனம் அத்தனைக்கும் முன்னால் வெடித்தேன். "நல்ல பெட்டரியோட இருந்த கமராவ வேணாம்னு சொன்னது யாரு? முதலாளி மூஞ்சிய டீவியில போட்டது யாரு? இந்தச் செத்த பெட்டரிய என் தலையில கட்டினது யாரு? எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அப்பாதான் நடுவில் வந்தார். "அட, மெசினு செத்துப்போச்சுன்னா போகட்டும்டா. வந்தவரப் போயி ஏசுறான் பாரு. நீங்க வாங்க தம்பி, பூசைக்கு நேரமாச்சு," என்று அவருடைய கையைத் தொட்டு அழைத்துவிட்டு, முன்னால் கோயிலுக்கு நடந்தார். கமராவைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னேன். "ஈரம், சரிவராது" என்று சரிவராதார் அதையும் தோளில் தூக்கிக்கொண்டே பின்னால் போனார். நான் ஆத்திரத்தில் பத்தடி பின்னால் நடந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை. அம்மன் முன்னால் நின்றுகூட அன்றைக்கு என் வாயில் வந்தது தோத்திரமா திட்டா என்று எனக்கே தெரியாது.

திரும்பி வருகிற பஸ்ஸிலும் விடவில்லை. கண்டி வரும் வரைக்கும் ஏசினேன். முழங்காலுக்கு நடுவில் குடையை ஊன்றிக்கொண்டு கேட்டார். இறங்கும்போது, "நாளைக்குப் பின்னேரம் வீட்டை வாரும்," என்றார். அவ்வளவுதான்.

சண்டையை முடித்துவிட்டு வருவோம் என்றுதான் போனேன். முன்னமே நான் கொண்டுபோய் வைத்திருந்த என் டெக்கையும் தன்னுடையதையும் வயர் போட்டு இணைத்து வைத்திருந்தார். கசெட்டைத் தள்ளினார். சிப்பாய் தலை வாரினான். லயம் கல்லாக நின்றது. அப்பா கொடிமரமாக நின்றார். படம் ஒருமுறை கோணலாகி, தரையைக் காட்டி, நிமிர்ந்தது.

அப்பா நடந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். குறுக்கே வந்த நாயை ஏசினார். கோயில் படிக்கட்டில் கையூன்றாமல் ஏறினார். பாதியில் நின்று, பின்னால் வருகிற கமராவைப் பார்த்து, "பாத்து வாங்க, அந்தப் படி வழுக்கும்," என்று வாய் நிறையச் சிரித்தார். ஒருமுறை இருமினார். ஏறிக்கொண்டே போனார்.

பெட்டரி சாகவே இல்லை. சிவப்பு வெளிச்சத்தின் மேல் கறுப்பு டேப் துண்டை ஒட்டிவிட்டு, செத்துப்போனது என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கண் மறைத்தது. கண்ணைத் துடைத்ததும் கோபம் திரும்பி வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே! பஸ்ல அவ்வளவு ஏசினேனே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"தோட்டத்திலை சொல்லியிருந்தால் உம்மட மூஞ்சியிலை எழுதியிருக்கும். அப்பா வாசிச்சிடுவார். பஸ்ஸிலை சொல்லலாம் எண்டால், உள்ளுக்கை விழுந்திருக்கோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை. விழாட்டில் திரும்ப ஏசுவீர்."

வெட்டி ஒழுங்காக்குவதிலும் சண்டைதான். அப்பாவின் முகம் ஒரு ரோசாப் பூ விரிந்து அதற்குள்ளேயிருந்து வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அப்போது கல்யாண வீடியோ எல்லாம் அப்படித்தான். அதற்குத் தனியாக ஒரு மெசின் வேண்டும். "உம்மட அப்பா என்ன பூவுக்குள்ளையோ பிறந்தவர்? சரிவராது." கறுப்புத் துணியில் கடதாசி மட்டை எழுத்துகளை ஒட்டி எழுத்துப் போட்டோம். சிப்பாயை வெட்டச் சொன்னேன். "தலை இழுத்து நிண்டவனை வெட்டுறது மரியாதை இல்லை." முழுதும் அம்மன் பாட்டுப் போடச் சொன்னேன். அதற்கும் மாட்டேன் என்றார். "பாட்டு அக்காட்டையும் கிடக்கும். அப்பான்ரை இருமல் கிடக்குமோ?"

எனக்குப் பாட்டு வேண்டியதற்குக் காரணம் இருந்தது. கமராவின் மைக் சரிவராதாரின் வாய்க்கு அருகே இருந்ததால், அப்பாவின் குரலைவிட அவருடைய குரல்தான் பெரிதாக விழுந்திருந்தது. படி ஏறுகிற இடத்தில் இப்படி:

"உங்க அம்மா இருக்காங்களா தம்பி?"

"இருக்கிறா ஐயா. யாழ்ப்பாணத்திலை."

"போயி பாக்குறீங்களா?"

"பாதை பூட்டிக் கிடக்கு. கனகாலம்."

"ஆத்தாடி. எங்க புள்ளைக்காவது நடுவுல கடல் கெடக்கு. உங்களுக்குத் தரைதானே, அதுலயும் போக முடியலையா?"

"ஓம் ஐயா."

அந்த வருடம் சபரிமலைக்குப் போன சாமிமாரில் ஒருவர் கசெட்டை இருமுடியோடு கொண்டுபோய், திரும்பும் வழியில் கோத்தகிரியில் கொடுத்துவிட்டு வந்தார். வந்து சொன்னார். "உங்க அக்கா டீவி முன்னால உக்காந்தது எந்திரிக்கலைங்க. அப்பா படி ஏறுற எடத்தத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுச்சு. பொறவு எனக்குச் சோறு போட்டு, தானும் ஒக்காந்து சாப்பிட்டுச்சு. அந்த ஆமிக்காரப் பையன் யாரு, நம்ம சொந்தத்துல மாப்பிள்ளையான்னு கேட்டுச்சு. இன்னொண்ணும் கேட்டுச்சு. 'கமராவுக்குப் பின்னால பேசுறாரே, அவரு அம்மாவுக்கு யாரு படம் புடிச்சு அனுப்புவாங்க?'"

அன்றைக்கே கமராவைத் தூக்கிக்கொண்டு கட்டுக்கலைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சரிவராது தம்பி. அங்கை கரண்ட் இல்லை. எத்தனையோ வரியமா இல்லை. அவ என்னத்திலை போட்டுப் பாக்கிறது?"

இத்தனை காலத்தில் அந்த மனிதர் சொன்ன எத்தனையோ 'சரிவராது'க்கு எதிராக நான் வாதாடியிருக்கிறேன். இது மட்டும் உண்மையாகவே சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யார் மேல் கோபம் என்று தெரியாமலே கத்தினேன். "கரண்ட் வராமலேயே போயிருமா? வர்ற அன்னைக்குப் போட்டுப் பாக்கட்டும்! பேசிக்கிட்டு நிக்காம நடங்கண்ணே!"

நடந்தார். ஒழுங்கையின் அந்தப் பக்கம் வரை குடையோடு போய், திரும்பி, என்னை நோக்கி வந்தார். கிட்ட வந்ததும் நின்றார். "அம்மா, நான் சுகமா இருக்கிறன். நேரத்துக்குச் சாப்பிடுறன்," என்றார். குடையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "வெளிச்சம் காணாது, நிப்பாட்டும்," என்றார். வெளிச்சம் நிறையத்தான் இருந்தது.

பல வருடம் கழித்துச் சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. அந்தக் கசெட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வடக்கே போனார். போகுமுன் பிலிமத்தலாவைக்கு வந்து, லெட்சுமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "நான் வாறவரைக்கும் ஒரு சாமானும் வாங்கிப்போடாதேயும்," என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனார். என்ன அதிகாரம் பாருங்கள்! அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. சேதி அனுப்பாமல் இருப்பதற்கும் ஓர் எல்லை இல்லையா?

நாங்கள் வாங்காமல் இருக்கவில்லை. பிரிட்ஜ் வாங்கினோம், தட்டை டீவி வாங்கினோம், மகன் உள்ளங்கை அளவில் ஒரு கமராவும் வாங்கிவிட்டான். ஆனால் ஒவ்வொரு முறையும் கடையில் காசைக் கையில் எடுத்த பிறகு, கொடுக்காமல் வாசலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். லெட்சுமி யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்பதில்லை. அவளும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.